செம்மண் திட்டைத் தேடு: காவிரிப் படுகையின் எண்ணெய் வயலை ஒரே நாளில் படிப்பது எப்படி

எங்கள் ஊருக்கு மேற்கே 'கிணத்து ரோடு' என்று ஒன்று உண்டு. அந்த ரோட்டில் தண்ணீர்க் கிணறு ஒன்றுகூடக் கிடையாது. ஆயில் கிணற்றுக்காகப் போட்ட ரோடு அது. கிணறு மூடிப் பல வருஷமாகிவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அங்கேதான் நான் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டேன். அப்புறம் 1996 முதல் 2019 வரை குரூடு டேங்கர், அதாவது கச்சா எண்ணெய் லாரி.

போன மாசியில் அக்கா மகன் வந்து நின்றான். திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கிறான்.

"மாமா, டெல்டாவில எண்ணெய், கேஸ் எடுக்கிறதைப் பத்தி ஒரு புராஜெக்ட். நெட்ல பார்த்தா ஒருத்தன் டெல்டாவே பாலைவனம் ஆயிட்டுதுங்கிறான், இன்னொருத்தன் நாட்டுக்கே இதுதான் தூணுங்கிறான். எதை எழுதுறது?"

"ரெண்டையும் எழுதாத. ஹெல்மெட்டை எடு."

ஒரு நாள் முழுக்கச் சுற்றினோம். அவனுக்குக் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கத்து ஆள் யாராக இருந்தாலும் இதைச் செய்யலாம். ஒரு பைக், ஒரு நோட்டு, கால்குலேட்டர் உள்ள போன் போதும்.

கிளம்பும் முன்

முதல் நாள் இரவே போனில் சாட்டிலைட் மேப்பைத் திறந்து திருவாரூரிலிருந்து நாகூர் வரை பெரிதாக்கிப் பாருங்கள். எங்கும் பச்சை அல்லது வண்டலின் சாம்பல் கறுப்பு. நடுநடுவே சதுரமாக, செம்பழுப்பு நிறத்தில் ஒரு திட்டு தெரியும். அதற்கு ஒரு ரோடு மட்டும் போகும். போய் அங்கேயே முடியும். அதுதான் கிணற்று மேடை.

ஏன் செம்மண்? எங்கள் வண்டல் மழையில் களியாகிவிடும், நூறு டன் இரும்பை அதன் மேல் நிறுத்த முடியாது. அதனால் மேற்கே மேட்டுப் பகுதியிலிருந்து கிராவல் கொண்டுவந்து கொட்டி, உருளை ஓட்டி இறுக்கித்தான் துளை போடும் ரிக்கை ஏற்றுவார்கள். இந்தச் சமவெளியில் சதுரமாகச் செம்மண் கண்டால் அது வெளியூர் மண்தான். திட்டு ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு எண் போட்டுக்கொள்ளுங்கள். அக்கா மகன் ஒரு மணி நேரத்தில் முப்பதுக்கு மேல் எண்ணிவிட்டான். அதில் நாலைந்து செங்கல் சூளை. நேரில் போய்ப் பார்த்துத்தான் அவற்றை நோட்டில் அடித்துவிட்டோம்.

மூன்று விஷயத்தில் விளையாடக் கூடாது. வேலியைத் தாண்டக் கூடாது. வேலிக்குப் பக்கத்தில் பீடி, சிகரெட், போன் எதுவும் கூடாது; வாசலில் நின்று செல்ஃபி எடுத்தால் செக்யூரிட்டி பிடித்து உட்கார வைத்துவிடுவார், அவர் வேலை அது. மூன்றாவது, மூக்கை நம்பக் கூடாது. வீட்டு சிலிண்டரில் வருகிற நாற்றம், கசிவு தெரிய வேண்டும் என்று வேண்டுமென்றே சேர்ப்பது. கிணற்றிலிருந்து நேராக வரும் வாயுவில் அந்த நாற்றம் இருக்காது. உஸ்ஸென்று சத்தம் கேட்டாலோ, வயல் தண்ணீரில் விடாமல் குமிழி வந்தாலோ காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலகிப் போய், பிறகு போன் செய்யுங்கள்.

நிற்பது எந்தக் கட்டம்

இதுதான் முக்கியமான பாடம். பத்திரிகைக்காரரும் கோட்டை விடுவது இங்கேதான். 'எண்ணெய் எடுக்கிறார்கள்' என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது நாலைந்து வேறு வேறு வேலை. உங்கள் முன்னால் நடப்பது அதில் எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

வரப்பில் கலர் ரிப்பன் கட்டிய குச்சிகளும், நீளமாக ஓடும் கேபிளும், நடுநடுவே மண்ணில் குத்திய சிறு குப்பிபோல ஒன்றும் இருந்தால் அது நில அதிர்வு சர்வே. 1986-ல் எனக்கு 17 வயது. அந்த வேலைக்குப் போயிருக்கிறேன். குழி போட்டு, அடியில் வெடி வைத்து, வாயை அடைத்து வெடிப்பார்கள். வெடிச்சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வருவதை அந்தக் குப்பி, ஜியோபோன், கேட்கும். எங்கே என்ன பாறை எவ்வளவு ஆழத்தில் என்று கணக்குப் போடுவதற்காக. சர்வே நடந்தால் கிணறு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சர்வே செய்த இடத்தில் முக்கால்வாசிக்குப் பின்னால் யாரும் திரும்பி வரவே மாட்டார்கள். எங்கள் ஊரில் சர்வே முடிந்து நாலு வருஷம் கழித்துத்தான் ரிக் வந்தது, அதுவும் பக்கத்து ஊருக்கு.

அடுத்தது ரிக். டிரெய்லர் டிரெய்லராக இரும்பு வந்து இறங்கி, பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்துக்கு மாஸ்ட் என்கிற இரும்புக் கோபுரம் எழும்பும். இரவெல்லாம் லைட், ஜெனரேட்டர் சத்தம், தகரக் கேபின்கள். நடுவே குழம்பு நிறத்தில் சேறு சுற்றிக்கொண்டே இருக்கும். அதை 'மட்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெண்டோனைட் களியும் பேரைட் பொடியும் கலந்தது. துளைக்கும் பிட்டைக் குளிர வைத்து, கல்தூளை மேலே கொண்டுவந்து, கீழிருந்து அழுத்தம் எகிறாமல் தன் எடையால் அமுக்கிப் பிடிப்பது அதன் வேலை.

ஒரு சமயம் ரிக்குக்குத் தண்ணீர் டேங்கர் ஓட்டினேன். அங்கிருந்த ஜியாலஜிஸ்ட் அம்மா ஒருநாள் என்னைக் கேபினுக்குள் கூப்பிட்டார். சல்லடையில் வந்த கல்தூளைக் கழுவி, ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வைத்து, அல்ட்ரா வயலட் விளக்கைப் போட்டார். வெறும் சாம்பல் கல். ஆனால் அதில் நாலைந்து துணுக்கு மட்டும் மஞ்சள் பூத்த மாதிரி ஒளிர்ந்தது. "இதுதாண்ணே எண்ணெய்" என்றார். அதுவரைக்கும் எண்ணெய் என்றால் பூமிக்குள் குளம்போல் கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அது கல்லுக்குள், கல்லின் துளைகளுக்குள், பஞ்சில் தண்ணீர்போல இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி.

துளை போட்டு முடிந்து, குழாய் இறக்கி, சிமெண்ட் வைத்து, எண்ணெயோ வாயுவோ வருகிறது என்று உறுதியானதும் ரிக் போய்விடும். மிஞ்சுவது ஆள் உயரத்துக்கு வால்வுகளாக அடுக்கிய ஒரு இரும்பு. அதற்குப் பெயர் கிறிஸ்துமஸ் ட்ரீ. எங்கள் வாயில் வெறும் 'ட்ரீ'. சுற்றிக் கம்பி வேலி, பெயர்ப் பலகை, ஒரு செக்யூரிட்டி, சில இடங்களில் ஒரு நாய். உற்பத்தி என்பது வெளியில் பார்க்க இவ்வளவுதான். அக்கா மகனுக்கு ஏமாற்றம். "இதுக்கா மாமா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றான்.

இப்போது நான் மாட்டிக்கொண்ட கதை. 2021-ல் பக்கத்து ஊரில் ஒரு பழைய மேடைக்கு ரிக் ஒன்று வந்து நின்றது. டீக்கடையில் உட்கார்ந்து, "புதுக் கிணறு போடுறான்" என்று பெரிய மனுஷன்போலச் சொல்லிவிட்டேன். சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் ரோட்டை மறித்தார்கள். தாசில்தார் ஜீப் வந்தது. பார்த்தால் அது ஒர்க்ஓவர் ரிக். இருக்கிற கிணற்றில் உள்குழாயை மாற்றுவதற்கு வந்தது. இருபத்து மூன்று வருஷ சர்வீஸ் அன்றைக்குப் போச்சு.

வித்தியாசம் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒர்க்ஓவர் ரிக் பெரும்பாலும் லாரியோடு சேர்ந்தது, மாஸ்ட் குட்டை, நாலு பக்கமும் கம்பி வடம் இழுத்துக் கட்டியிருக்கும். மேடை பழசு, செம்மண்ணில் புல் முளைத்திருக்கும். கழற்றிய ட்ரீ பக்கத்திலேயே கட்டையின் மேல் கிடக்கும். சில வாரங்களில் போய்விடும். புதுக் கிணறு என்றால் மேடையே புதுசு, கிராவல் சிவப்பு மங்கியிருக்காது, தங்கும் கேபின் வரிசையே வந்திருக்கும். நான் அன்றைக்கு அந்தப் புல்லைப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசிக் கட்டம், கைவிட்ட கிணறு. சிமெண்ட் போட்டு அடைத்து, மேலே தகடு பற்றவைத்து, கிணற்றின் பெயரை எழுதியிருப்பார்கள். மேடை மட்டும் அப்படியே கிடக்கும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அந்தச் செம்மண்ணை எடுத்துவிட்டு மறுபடி நெல் போட முடியுமா என்பது நிலத்துக்காரரைக் கேட்டால் தெரியும். நான் கேட்ட ஒருவர், "இறுகின மண்ணு, ஏர் எறங்க மாட்டேங்குது" என்றார். குத்தகைப் பத்திரத்தில் நிலத்தைப் பழையபடி ஆக்கித் தருவதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பத்திரம் போடும் நாளிலேயே படித்துவிட வேண்டும்.

ஊருக்குக் கீழே ஊர்

மத்தியானம் ஒரு ஆலமரத்தடியில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். பையன் முதல் முறையாக போனை உள்ளே வைத்தான்.

இந்தியாவின் கிழக்குக் கரை கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்திலிருந்து பிய்ந்து விலகிய காலத்தில், பத்துக் கோடி வருஷத்துக்கும் முன்னால், இந்தப் பக்கம் நிலம் விரிசல் விட்டுப் பள்ளங்களாகவும் மேடுகளாகவும் ஆனது. பள்ளங்களில் மண்ணும் கடல் வண்டலும் கிலோமீட்டர் கணக்கில் நிரம்பியது. அதுதான் காவிரிப் படுகை. நிலத்தில் மட்டும் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர். அதற்கு மேலும் கடலுக்குள் போகிறது. புதுச்சேரியிலிருந்து ராமநாதபுரம் தாண்டி மன்னார் வளைகுடா வரை எல்லாம் இதில்தான் வரும்.

அந்தப் பாறை அடுக்குகளுக்கு வைத்த பெயர்களைக் கேளுங்கள்: ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம், கமலாபுரம், நிரவி, திட்டச்சேரி. ஆண்டிமடம் அடியில், திட்டச்சேரி மேலே. எந்த ஊருக்குப் பக்கத்தில் முதலில் ஆராய்ந்தார்களோ அந்த ஊர்ப் பெயர். வெள்ளைக்காரன் வாயில் சீர்காழி 'ஷியாலி' ஆனது, அந்தப் பெயரிலும் ஒரு அடுக்கு. பரங்கிப்பேட்டை 'போர்ட்டோநோவோ' என்று கிடக்கிறது. டவுன் பஸ் போர்டுபோல இருக்கிறது, இல்லையா? ரிக்கில் வேலை பார்த்த அஸ்ஸாம்காரர் ஒருவர், "நன்னிலம் நல்லா இருக்கு, குடவாசல் வந்தா வேகம் குறையும்" என்பார். ஊரைப் பற்றித்தான் பேசுகிறார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

இங்கே நின்றால் அந்தப் பாறை தெரியாது, கிணறுகள் போவது இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே. ஆனால் அதே காலத்துப் பாறை அரியலூர், பெரம்பலூர் பக்கம் தரைக்கு மேலேயே கிடக்கிறது. சாத்தனூர்க் கல்மரத்தைப் பார்த்திருப்பீர்கள். காரை ஊர்ப் பக்கம் ஓடையில் கடல் உயிர்களின் புதைபடிவம் கிடைக்கும். படுகையின் விளிம்பு அது. ஒரு நாள் ஒதுக்கி அங்கேயும் போய்விட்டு வந்தால் டெல்டாவின் வயிறு எப்படியிருக்கும் என்று பிடிபடும்.

எண்ணெய் போகிற வழியில் போங்கள்

கிணற்றைப் பார்த்தாயிற்று, இனி அதன் வாலைப் பிடித்துப் போக வேண்டும். நாங்கள் போன வழி: திருவாரூர், அடியக்கமங்கலம், கீழ்வேளூர், நாகை, நாகூர், பனங்குடி, நரிமணம், வாஞ்சூர் தாண்டி நிரவி. நரிமணமும் அடியக்கமங்கலமும் எண்ணெய் வயல்கள். நிரவியில்தான் ஓஎன்ஜிசியின் காவிரிப் பிரிவு அலுவலக வளாகம் இருக்கிறது. காரைக்காலில் அவர்கள் ஆழ்துளை போட்டது 1960-களில். நரிமணத்தில் எண்ணெய் கிடைத்து உற்பத்தி சூடு பிடித்தது 1980-களில்.

கிணற்றிலிருந்து வருவது சுத்தமான எண்ணெய் இல்லை. எண்ணெய், வாயு, உப்புத் தண்ணீர் மூன்றும் கலந்து வரும். பல கிணற்றிலிருந்து வருவதை ஓரிடத்தில் சேர்த்துப் பிரிக்கும் இடம்தான் சேகரிப்பு நிலையம். படுக்கை வசத்தில் நீளமான உருளைகள், வெள்ளைத் தொட்டிகள், ஒரு ஓரத்தில் ஒல்லியான குழாயின் நுனியில் தீ.

அந்தத் தீயைப் பார்க்கவும் ஒரு முறை உண்டு. தீ சின்னதாக, அமைதியாக இருந்தால் சரி, அழுத்தம் கூடினால் எரித்துவிடுவதற்காக வைத்தது. கரும்புகை வந்தால் வாயுவோடு திரவமும் போகலாம். இரவில் பத்து மைலுக்குத் தெரிகிற மாதிரி எரிந்தால் வாயுவை வாங்க ஆளில்லாமலோ, எங்கோ குழாய் நின்றுபோயோ இருக்கும். நான் சின்னவனாக இருந்தபோது அப்படித்தான் எரியும். எண்ணெயோடு வந்த வாயுவுக்கு அப்போது சந்தை இல்லை. பின்னால் கெயில் கம்பெனியின் வாயுக் குழாய் வந்தது, மின்நிலையங்கள் வந்தன, காரைக்கால் பக்கம் சின்னத் தொழிற்சாலைகள் வந்தன. தீ சிறுத்துப் போனது.

என் வேலை, குழாய் போகாத கிணறுகளிலிருந்து டேங்கரில் நிலையத்துக்குக் கொண்டுபோவது. என் வண்டி 12 கிலோலிட்டர். இறக்குவதற்கு முன் டிப் எடுப்போம். அளவுகோலில் ஒரு பசையைத் தடவித் தொட்டிக்குள் இறக்கினால் தண்ணீர் பட்ட இடம் மட்டும் சிவப்பாக மாறும். பெட்ரோல் பங்க்கிலும் இதைப் பார்க்கலாம். புதுக் கிணற்றில் அடியில் விரற்கடை அளவுதான் சிவக்கும். வருஷம் ஏற ஏறச் சிவப்பும் ஏறும். சில பழைய கிணறுகளில் பாதிக்கு மேல் சிவப்பு. நான் எண்ணெய் லாரி ஓட்டுகிறேனா உப்புத் தண்ணீர் லாரி ஓட்டுகிறேனா என்று சந்தேகம் வந்துவிடும். ஒரு வயலுக்கு வயசாகிவிட்டதா என்று தெரிய வேண்டுமானால், எண்ணெய் எவ்வளவு வருகிறது என்று கேட்பதைவிட, தண்ணீர் எவ்வளவு வருகிறது, அதை எங்கே கொண்டுபோய் விடுகிறீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வருகிற பதிலை நோட்டில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.

பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை. 1993-ல் வருஷத்துக்கு 5 லட்சம் டன் என்று ஆரம்பித்து, பிறகு 10 லட்சமாக ஆனது. 2019-ல் நிறுத்திவிட்டார்கள், நானும் அந்த வருஷத்தோடு ஸ்டியரிங்கை விட்டேன். அதே இடத்தில் 90 லட்சம் டன்னுக்குப் புது ஆலை என்று 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இந்த 90 லட்சத்தை நினைவில் வையுங்கள், கணக்கில் வரும்.

கணக்கை நீங்களே போடுங்கள்

தமிழ்நாட்டில் நிலத்தில் எடுக்கும் கச்சா எண்ணெய், நல்ல வருஷத்தில் 4 லட்சம் டன்னை ஒட்டி. எரிவாயு சுமார் 120 கோடி கன மீட்டர். செய்தியில் இவை பெரிய எண்ணாகத் தெரியும். கிட்டே கொண்டுவந்து பார்ப்போம்.

4 லட்சத்தை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 1,100 டன். எங்கள் எண்ணெய் லேசானது, கந்தகம் குறைவு. 1,100 டன் என்பது ஏறக்குறைய 1,340 கிலோலிட்டர். என் டேங்கரில் 110 லோடு. டேங்கர்க்காரனுக்கு இது பெரிசு. ஒரு பீப்பாய் 159 லிட்டர், ஆக 8,400 பீப்பாய். இந்தியா ஒரு நாளைக்கு 50 லட்சம் பீப்பாய்க்கு மேல் செலவழிக்கிறது. வகுத்துப் பார்த்தால் எங்கள் ஒரு நாள் உழைப்பை நாடு இரண்டரை நிமிடத்தில் எரித்துவிடுகிறது. நாட்டின் மொத்த எண்ணெய் உற்பத்தியோடு ஒப்பிட்டாலும் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டிக் கொஞ்சம்தான். சென்னை மணலி ஆலையின் திறன் வருஷத்துக்கு 105 லட்சம் டன். எங்கள் ஒரு வருஷ எண்ணெய் அதற்கு இரண்டு வாரத் தீனி.

சரி, 90 லட்சம் டன் ஆலைக்கு? பையன் தானே வகுத்துப் பார்த்தான். "பதினாறு நாளுக்குத்தான் மாமா வரும்." மீதி கப்பலில்தான் வரும். அந்த ஆலை எங்கள் கிணற்றை நம்பி வருவதில்லை, எங்கள் கடற்கரையை நம்பி வருகிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் பேசினால் ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் வேறு எதையோ பேசிக்கொண்டிருப்பார்கள். 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரியில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது வலையை மடித்துவைத்தவர்கள் மீனவர்கள். அவர்கள் கிராமத்தில் ட்ரீ ஏதும் கிடையாது.

வாயுவில்தான் விஷயம் இருக்கிறது. 120 கோடியை நாளாக்கினால் சுமார் 33 லட்சம் கன மீட்டர். 100 மெகாவாட் மின்நிலையம் முழு வேகத்தில் ஓடினால் நாளுக்கு ஏறக்குறைய 5 லட்சம் கன மீட்டர் தின்னும். மன்னார்குடிப் பக்கம் திருமாக்கோட்டை 108 மெகாவாட், குத்தாலம் 101, ராமநாதபுரம் வழுதூர் 187. மூன்றும் முழுதாக ஓடினால் 20 லட்சம். அதாவது எங்கள் வாயுவில் பாதிக்கு மேல், கிணற்றிலிருந்து சில மைல் தூரத்திலேயே கரண்டாகிவிட முடியும். நாட்டின் எரிவாயு உற்பத்தியிலும் நூற்றுக்கு மூன்று நான்கு வருகிறது. எண்ணெயைவிட வாயுவில் எங்கள் கை ஓங்கியது. ஆனால் அதற்கும் அளவு இருக்கிறது: 2024 மே மாதத்தில் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. இந்த மூன்று நிலையமும் சேர்ந்து அதில் நூற்றுக்கு இரண்டு.

தூணும் இல்லை, துரும்பும் இல்லை. இதைத்தான் எழுதச் சொன்னேன்.

பணம் யாருக்குப் போகிறது என்றும் பையன் கேட்டான். நிலத்தில் எடுத்தால் ராயல்டி மாநில அரசுக்கு, கடலில் எடுத்தால் மத்திய அரசுக்கு. மேடை இருக்கும் கிராமத்துக்கு? நிலத்துக்காரருக்குக் குத்தகை, நாலைந்து பேருக்குச் செக்யூரிட்டி வேலை, என்னைப்போல் சிலருக்கு ஸ்டியரிங்.

காகிதத்தைப் படிக்கும்போது

'ஹைட்ரோகார்பன்', 'மீத்தேன்', 'எண்ணெய் எரிவாயு' மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மன்னார்குடி வட்டாரத்தில் 2010-ல் உரிமம் கொடுத்தது நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு. பழுப்பு நிலக்கரிக்குள் ஒட்டியிருக்கும் வாயுவை விடுவிக்க, முதலில் அங்குள்ள நிலத்தடி நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். வாய்க்கால் தண்ணீருக்கே காவல் காக்கும் ஊரில் அது எடுபடுமா? இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பரில் கண்ணை மூடியதும் மீத்தேன் எதிர்ப்புப் பயணத்தின் நடுவில்தான். ஆழத்திலிருந்து தானாகவே அழுத்தத்தில் மேலே வரும் வழக்கமான கிணறு வேறு வகை. 2016-ல் வந்த புதுக் கொள்கை எல்லா வகைக்கும் சேர்த்து ஒரே உரிமம் என்றது. அடுத்த வருஷம் நெடுவாசல் போராட்டத்தில், எல்லாவற்றுக்கும் பொதுவான 'ஹைட்ரோகார்பன்' என்ற சொல் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது. ஒரு அறிவிப்பைக் கையில் எடுத்தால் முதலில் எந்த வகை, எந்த ஆழம் என்று தேடுங்கள்.

அடுத்து, எந்த ஊர். 2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதையும் துளைப்பதையும் எடுப்பதையும் தடுக்கிறது. தஞ்சை, திருவாரூர், அன்றைய நாகை மாவட்டங்கள் முழுக்க, கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை அது தொடவில்லை. அதனால்தான் ஒர்க்ஓவர் ரிக்குக்கும் புது ரிக்குக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்று அவ்வளவு நீட்டினேன். ராமநாதபுரம் அந்தப் பட்டியலில் இல்லை. காரைக்கால் புதுச்சேரி என்பதால் அதற்குப் பொருந்தாது. வாஞ்சூர் செக்போஸ்ட்டில் சட்டம் நின்றுவிடுகிறது, கீழே பாறை நிற்கவில்லை.

உங்கள் வயல் வழியாகக் குழாய் என்று நோட்டீஸ் வந்தால் அது 1962-ஆம் வருஷச் சட்டப்படி வருவது. நிலம் உங்களுடையதுதான், பயன்பாட்டு உரிமை மட்டும் போகிறது. அறிவிக்கை வெளியான 21 நாளுக்குள் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். பயிர்ச் சேதத்துக்குத் தனி, நிலத்துக்கு அன்றைய சந்தை மதிப்பில் 10 சதவீதம் தனி. குழாய் போன பட்டையில் நெல் போடலாம். வீடு கட்டவோ, கிணறோ குளமோ வெட்டவோ, மரம் வைக்கவோ கூடாது. வரப்பில் நட்டிருக்கும் அடையாளக் கல்லில் எண்ணும் போன் நம்பரும் இருக்கும். போர் போடும் முன், ஜேசிபி இறக்கும் முன் அந்த நம்பருக்குப் பேசுங்கள். எங்கள் உறவில் ஒருவர் தென்னங்கன்று வைக்கக் குழி வெட்டி, கடப்பாறை குழாயில் 'டிங்' என்று பட்டு, அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை.

எப்போது போவது

மாசி, பங்குனி நல்லது. சம்பா அறுத்து வயல் காய்ந்திருக்கும், அடையாளக் கல்லும் பழைய மேடையும் தூரத்திலிருந்தே தெரியும், செக்யூரிட்டி அண்ணனும் நிழல் தேடி வேலிக்கு வெளியே வந்து பேச்சுக் கொடுப்பார். ஒரு இளநி வாங்கிக் கொடுத்தால் அந்தக் கிணற்றுக்கு எப்போது ரிக் வந்தது, எப்போது போனது எல்லாம் சொல்வார். நோட்டில் அவர் பெயரை மட்டும் எழுதாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் போகவே வேண்டாம். அந்தச் செம்மண் ரோட்டின் இரண்டு பக்கமும் வண்டல்தான், ஓரத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் தீர்ந்தது. ஒரு தீபாவளியன்று 12 கிலோலிட்டரோடு நான் அப்படி இறங்கி, மறுநாள் மத்தியானம் கிரேன் வரும்வரை வண்டியிலேயே கிடந்தேன். பட்டாசுச் சத்தம் சுற்றியுள்ள எல்லா ஊரிலிருந்தும் கேட்டது. எனக்கு ஒரு தீக்குச்சி உரசக்கூட வழியில்லை.